முதல்ல அமுக்குனது யாரு?

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மூணு பேர் மூணு லேப்டாப் முன்னால உக்காந்திருப்பாங்க. அதுல யார் முதல்ல கீயை அமுக்குனாங்கன்னு சொல்லணும்.

அவ்வளவுதான். மலையைப் புரட்டுற வேலை இல்ல.

அதை நான் எப்படி ஒரு ஊர்ப் பிரச்சினையா மாத்தினேன்னு சொல்றேன். சிரிக்கிறவங்க தாராளமா சிரிங்க. எங்க ஊரே ஏற்கெனவே சிரிச்சு முடிச்சாச்சு. புதுசா வெக்கப்பட எங்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல.

எங்க ஊரு கடலோரம், கடியப்பட்டணத்துல இருந்து கொஞ்சம் தள்ளி. எங்க சர்ச்சோட பங்குல தெருவாரியா அன்பியம்னு குழுக்கள் உண்டு. ஒரு முப்பது குடும்பம் சேந்தா ஒரு அன்பியம். திருவிழாவுக்கு முன்னால இந்த அன்பியங்களுக்குள்ள பைபிள் வினாடி வினா நடக்கும்.

வினாடி வினான்னதும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வந்து, சிரிச்சுக்கிட்டே போறதுன்னு நெனச்சுராதீங்க. எங்க ஊர்ல ஃபுட்பால் ஃபைனலுக்குக்கூட இவ்வளவு சத்தம் வராது. அன்பியம்னு பேரு வச்சவரு இந்த ஒரு நாள் மட்டும் எங்க ஊருக்கு வந்து பாக்கல போல.

என் மனைவி ஷீபா லூர்து மாதா அன்பியத்தோட கேப்டன். அவளோட சொந்த அக்கா மெல்பா அந்தோணியார் அன்பியத்தோட கேப்டன். ரெண்டு பேரும் ஒரே ஊர்ல, அடுத்தடுத்த தெருவுல கல்யாணம் ஆகி வந்தவங்க. வருஷத்துல பதினோரு மாசம் ஒரு உசிரு. வினாடி வினா வந்தா மட்டும் ரெண்டு கட்சி.

மூணு வருஷமா ரெண்டு டீமும் ஃபைனலுக்கு வரும். மூணு வருஷமும் கடைசிக் கேள்வியில வந்து நிக்கும். மூணு வருஷமும் ரெண்டு பேரும் ஒண்ணா கையைத் தூக்குவாங்க.

"நான்தான் முதல்ல தூக்குனேன்!"

"ஏட்டி, பொய் சொல்லாத! கோயில்ல நின்னுகிட்டு பொய் சொல்லுதியே!"

கேள்வி கேக்கிற கான்வென்ட் சிஸ்டர் பாவம், ரெண்டு பக்கமும் பாத்துட்டு மெல்பாவுக்குக் குடுத்துருவாங்க. மூணு வருஷமும் கப்பு மெல்பா வீட்டுக்கு. அக்காளும் தங்கச்சியும் அதுக்கப்புறம் ஒரு மாசம் பேச மாட்டாங்க. அந்த ஒரு மாசமும் எங்க வீட்டுல நானும் பேச மாட்டேன். பேசினா நான்தான் தோக்கணும்.

இந்த வருஷம் ஷீபா மூணு மாசம் படிச்சா. சோறு வடிக்கிறப்பவும் படிப்பா. ஒரு நாள் சொன்னா:

"இஞ்ச பாருங்க, எனக்கு கப்பெல்லாம் வேண்டாம். யாரு முந்துனான்னு சந்தேகமே வரப்பிடாது. நான் ஜெயிச்சா, 'நீ நேராத்தான் ஜெயிச்சே'ன்னு எங்க அக்கா வாயால சொல்லணும். தோத்தாலும் செரிதான், நேரா தோக்கணும்."

எனக்கு மனசு இளகிப் போச்சு. இளகுனதோட நிறுத்தியிருக்கலாம்.

"அவ்வளவுதானா? பின்ன நான் எதுக்கு இருக்கேன்?"னு கேட்டுட்டேன்.

நான் ஐ.டி. கம்பெனியில இருக்கேன். வீட்டுல இருந்தே வேலை. ஏழு வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறேன். புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு நான் எடுக்கிற முதல் வகுப்பே, 'நீ எழுதுறது எல்லா சிஸ்டத்துலயும் ஒரே மாதிரி ஓடணும், உன் மிஷின்ல ஓடுதுன்னு நம்பிராத'ங்கிறதுதான். அருமையான வகுப்பு. நானும் அதைக் கேட்டிருக்கலாம்.

ஒரு வாரத்துல சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். மூணு டீமுக்கும் ஆளுக்கு ஒரு லேப்டாப். எந்த எழுத்தை அமுக்குனாலும் சரி, கீயைத் தேட வேண்டாம். முதல்ல அமுக்குன டீமோட பேரு புரொஜெக்டர் திரையில பச்சையா எரியும். மத்த ரெண்டும் பூட்டிக்கும். சண்டைக்கு வழியே இல்ல.

நல்லா டெஸ்ட் பண்ணேன். எதுல? என் ஆப்பிள் மேக் லேப்டாப்ல. யாரு? நான்தான்.

ஷீபாவுக்கும் பயிற்சி குடுத்தேன். "சும்மா தொட்டுட்டு எடுக்காத. பெலமா அமுக்கு. பச்சை எரியிற வரைக்கும் கையை எடுக்காத"ன்னேன். சரின்னு நூறு தடவை அமுக்கிப் பழகினா. இந்தப் பயிற்சியை ஞாபகத்துல வச்சுக்கோங்க, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, மத்தியானம் பங்கு மண்டபத்துல கூட்டம். உக்கார இடமில்லாம ஜன்னல்லயும் ஆட்கள்.

வரிசையா மூணு மேஜை. முதல் மேஜை மெல்பா. அவங்களுக்கு ஒரு விண்டோஸ் லேப்டாப். நடு மேஜை ஷீபா. அவளுக்கு என் மேக். மூணாவது மேஜை சூசையப்பர் அன்பியத்தோட கேப்டன் பனியடிமை அண்ணன். விசைப்படகு ஓட்டுறவரு. கையி ஒண்ணொண்ணும் துடுப்பு மாதிரி இருக்கும். அவருக்கு, அவரு மகளோட லினக்ஸ் போட்ட லேப்டாப்.

மூணும் மூணு சிஸ்டம். எனக்கோ எல்லாம் ஒண்ணுதான்னு நெனப்பு. கீபோர்டு கீபோர்டுதானே!

சிஸ்டர் மைக்ல விதிகளைப் படிச்சாங்க. "சரியான பதிலுக்குப் பத்து மதிப்பெண். தப்புன்னா அஞ்சு குறையும், கேள்வி அடுத்த மேஜைக்குப் போகும். கேள்வி முடியிறதுக்குள்ள அமுக்குனா, நான் அந்த எடத்துலயே நிறுத்திருவேன். கேட்ட வரைக்கும் வச்சுப் பதில் சொல்லணும். எல்லா கேப்டனும் பைபிளை மூடி மேஜை மேல வச்சிருக்கணும்."

ரெக்ஸ் கண்டுபிடிச்ச கருவின்னு என் பேரைச் சொன்னாங்க. கைதட்டல். நான் எழும்பி நின்னு கும்பிட்டேன். இதை இங்க எழுதாம விட்டிருக்கலாம், ஆனா வீடியோ இருக்கு.

முதல் கேள்வி. சிஸ்டர் வாயைத் திறந்தாங்க.

"மோசே..."

திரையில பச்சை! அந்தோணியார் அன்பியம்!

மண்டபமே "ஹோ!"ன்னுச்சு. மெல்பா திரும்பி திரையைப் பாத்தாங்க. அவங்களுக்கே ஆச்சரியம்.

"நான் அமுக்கல்லியே சிஸ்டர்!"

"திரையில எரியுதே மெல்பா. பதில் சொல்லுங்க."

'மோசே'ங்கிற ஒரே வார்த்தையை வச்சு என்ன பதில் சொல்ல? மெல்பா பைபிளை எடுத்து நெஞ்சோட சேத்துப் பிடிச்சாங்க. கண்ணை மூடினாங்க.

"நாற்பது!"

சிஸ்டர் அட்டையைத் திருப்பிப் பாத்தாங்க. கேள்வி, மோசே சீனாய் மலையில எத்தனை நாள் இருந்தார்ங்கிறது.

"சரியான பதில்!"

விசில் பறந்துச்சு. மெல்பா பைபிளை மறுபடியும் மேஜையில வச்சாங்க.

ரெண்டாவது கேள்வி. "எலியா..."

பச்சை. அந்தோணியார் அன்பியம்.

"யம்மா! நான் தொடவே இல்ல!"

"பதில் சொல்லுங்க."

பைபிள் நெஞ்சுக்குப் போச்சு. "நாற்பது!"

எலியா ஓரேபு மலைக்கு எத்தனை நாள் நடந்தார்? நாற்பது!

மண்டபத்துல பாதிப் பேருக்கு இது அற்புதம்னே தோணிருச்சு. பின்னாலிருந்து ஒரு அம்மா சிலுவை போட்டாங்க. அற்புதம் நடந்தா ஃபாதருக்கு சந்தோஷம். சாஃப்ட்வேர் எழுதினவனுக்கு அது நல்ல சகுனம் இல்ல.

மூணாவது. "இயேசு..."

பச்சை.

"நாற்பது!"

கேள்வி, இயேசு எத்தனை அப்பத்தை வச்சு ஐயாயிரம் பேருக்கு உணவு குடுத்தார்ங்கிறது. அஞ்சு! கேள்வி அடுத்த மேஜைக்குப் போச்சு. ஷீபா நிதானமா, "அஞ்சு"ன்னா. பத்து மதிப்பெண்.

நாலாவது. "தாவீதின்..."

"நாற்பது!"

தாவீதின் தகப்பன் பேரு என்னன்னு கேள்வி. நாற்பதுன்னு யாராவது பிள்ளைக்குப் பேரு வைப்பாங்களா? ஜன்னல்ல உக்காந்திருந்தவரு சிரிச்சு சிரிச்சு உள்ள விழுந்துட்டாரு. ஷீபா, "ஈசாய்." பத்து.

அங்கேருந்து பத்தாவது கேள்வி வரைக்கும் இதே கதை. ஒவ்வொண்ணுக்கும் மெல்பா பேரு எரியும். "நான் அமுக்கல்ல"ன்னு கத்துவாங்க. தப்பாச் சொல்லுவாங்க. கேள்வி நேரா ஷீபா கைக்குப் போகும். முதல் சுற்று முடிஞ்சப்போ ஷீபா எண்பது. பனியடிமை அண்ணன் முட்டை. மெல்பா முட்டைக்கும் கீழ.

மெல்பா எழும்பிட்டாங்க.

"ஏட்டி ஷீபா! ஒனக்க மாப்பிளய வச்சு என்னைக் கவுத்துப் போட்டுட்டியாட்டி! நான் அமுக்காமலே எனக்க பேரு எரியுது, தப்பானா கேள்வி நேரா ஒனக்க மடியில வந்து விழுது. இது என்ன மெஷினா, ஒனக்க வீட்டு வேலைக்காரியா?"

ஷீபா முகம் செவந்து போச்சு. அவ அக்காவைப் பாக்கல. என்னைத்தான் பாத்தா.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய? நான் இதையா கேட்டேன்?"

"சத்தியமா நான் ஒண்ணும் செய்யல ஷீபா!"

"அதுதான் இப்பம் தெரியுதே!"

எண்பது மதிப்பெண்ணோட முதல் எடத்துல இருக்கிறவ கண்ணுல தண்ணி நிக்குது. அவ கேட்டது நேரான ஜெயம். நான் குடுத்தது களவாணிப் பட்டம்.

ஓடிப்போய் மெல்பா மேஜைக்குப் பின்னால நின்னு பாத்தேன். அதுவரைக்கும் நான் எதிர்ல உக்காந்திருந்தேன், லேப்டாப்போட முதுகுதான் தெரிஞ்சுது. இப்பதான் கீபோர்டைப் பாக்கிறேன்.

கீபோர்டு மேல பைபிள்!

சாதாரண பைபிள் இல்ல. மெல்பாவோட கல்யாணத்துக்கு அவங்களுக்குக் குடுத்த பெரிய எழுத்து குடும்ப பைபிள். தோல் அட்டை, பித்தளைப் பூட்டு, கிட்டத்தட்ட ஒரு அம்மிக்குழவி எடை. மேஜையோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மேஜை. லேப்டாப் வச்சதும் எடம் தீந்துச்சு, மத்தவங்களோட சின்ன பைபிள்தான் ஓரத்துல அடங்கும். பாக்கி எடம் கீபோர்டுதான். அதுல பாதியை மறைச்சுக்கிட்டு பைபிள் படுத்திருக்கு. பாதி எழுத்து அமுங்கியே கெடக்கு.

புரிஞ்சு போச்சு. விண்டோஸ்ல ஒரு எழுத்தை அமுக்கிப் பிடிச்சா, 'அமுக்குறாங்க, அமுக்குறாங்க, அமுக்குறாங்க'னு அது புரோகிராம்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும். என் மேக்கு அப்படி இல்ல. எழுத்தை எவ்வளவு நேரம் பிடிச்சாலும் ஒரே ஒரு தடவை, 'அமுக்கிட்டாங்க'னு சொல்லிட்டு வாயை மூடிக்கும். நான் என் மேக்ல மட்டும்தான் பாத்தேன். சிஸ்டர் வாயைத் திறக்கிற நொடியில மெல்பாவோட பைபிள் முந்திக்கிச்சு. லேப்டாப் மேல குத்தமில்ல. பைபிள் மேல சத்தியமா குத்தமில்ல. குத்தமெல்லாம் கும்பிட்டு நின்னவன் மேலதான்.

மெதுவா குனிஞ்சு மெல்பா காதுல சொன்னேன். "மைனி, இந்த பைபிளை மட்டும் இங்கேருந்து எடுத்திருங்களேன்."

காதுலன்னு நெனச்சேன். மேஜையில சிஸ்டர் வச்சிட்டுப்போன மைக் ஆன்ல இருந்திருக்கு. மண்டபத்து நாலு ஸ்பீக்கர்லயும் என் குரல் கணீர்னு வந்துச்சு.

அப்புறம் பின்னால ஒருத்தரு எழும்பினாரு.

"பைபிள் போட்டியில பைபிளை எடுக்கச் சொல்லுதானே ஃபாதர்!"

மெல்பா இடுப்புல கையை வச்சாங்க. "எடுத்து எங்க வைக்க? சொல்லு தம்பி. தரையில வைக்கவா?"

"ஐயோ வேண்டாம் மைனி!"

"மனுசரு உக்காருத நாற்காலியில வைக்கவா?"

"வேண்டாம் மைனி."

"மடியில வச்சா, பாத்துச் சொல்லுதான்னு பறைவாளுவ. மேஜைக்க மேலன்னு சிஸ்டர் விதி வாசிச்சது நீயும் கேட்டியா இல்லியா? ஒனக்க கம்ப்யூட்டருக்கு பைபிள் எடம் மாறணுமா, பைபிளுக்கு ஒனக்க கம்ப்யூட்டரு மாறணுமா?"

"கம்ப்யூட்டரே மாறட்டும் மைனி"ன்னேன்.

எங்க ஃபாதர் திருவட்டாறு பக்கத்துக்காரரு, பொறுமைசாலி. மைக்கை வாங்கி, "பதினஞ்சு நிமிசம் தேநீர் இடைவேளை"ன்னாரு. நான் தேநீர் குடிக்கல. கோடு எழுதினேன்.

யோசனை வந்துச்சு. அபாரமான யோசனைன்னு அப்போ தோணுச்சு. கீயை அமுக்குறதைக் கணக்குல எடுத்தாத்தானே பைபிள் முந்தும்? கீயை விடுறதைக் கணக்குல எடுப்போம்! பைபிள் அமுக்கிக்கிட்டே கெடக்கட்டும், அது விடப்போறதில்ல. மனுசன் தட்டிட்டு விடுவான். விட்டதும் பச்சை எரியட்டும். ஒரே ஒரு வரி மாத்தினா போதும்!

மாத்தினேன். பென் டிரைவ்ல போட்டு மூணு லேப்டாப்லயும் ஏத்தினேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். மூணும் எரிஞ்சுது. மெல்பா பைபிளை கீபோர்டு மேல வச்சுப் பாத்தேன். எரியல! ஜெயிச்சாச்சு!

நான் கவனிக்காத விஷயம் ஒண்ணு. இடைவேளையில பனியடிமை அண்ணன் மெல்பா மேஜையை எட்டிப் பாத்துட்டு, அவரு டீம்கிட்ட சொல்லியிருக்காரு. "மெல்பாவுக்க டெக்னிக்கு கொள்ளாம், நல்லாருக்கு கேட்டியா. கையைத் தூக்கி, பொறவு இறக்கி அமுக்குததுக்கு நேரம் போவும். கீபோர்டு மேல கனமா ஒண்ணை முதல்லயே வச்சிரணும். நான் எனக்க கையையே வச்சிருதேன்."

ரெண்டாம் சுற்று.

"கடல்..."

பச்சை! சூசையப்பர் அன்பியம்!

பனியடிமை அண்ணன் உள்ளங்கையை முழுசா கீபோர்டு மேல விரிச்சு வச்சிருக்காரு. முகத்துல பயங்கர சந்தோஷம்.

"பேதுரு!"

கடல் மேல நடந்து, பயந்து, மூழ்கப்போன சீடர் யார்னு கேள்வி. சரி!

"சேவல்..."

பச்சை. சூசையப்பர் அன்பியம். "பேதுரு!" சரி!

"பெரிய..."

"பேதுரு!"

பெரிய மீனோட வயித்துக்குள்ள மூணு நாள் இருந்த இறைவாக்கினர் யார்னு கேள்வி. தப்பு! கேள்வி அடுத்த மேஜைக்கு. மூணாவது மேஜைக்கு அடுத்தது திரும்பவும் முதல் மேஜை. மெல்பா, "யோனா!" பத்து.

"அண்ணே, எல்லாத்துக்கும் பேதுருன்னு சொல்லாதீங்க!"ன்னு கூட்டத்துல ஒருத்தன் கத்தினான்.

"ஏலே, அவரும் வலை இழுத்தவரு, நானும் வலை இழுக்குதவன். வேற யாரை சொல்ல?"

அதுக்கப்புறம் எல்லாக் கேள்விக்கும் சூசையப்பர் அன்பியம்தான் எரிஞ்சுது. எல்லாத்துக்கும் பேதுருதான். எல்லாம் தப்பாகி மெல்பாகிட்ட போச்சு. மெல்பா மளமளன்னு பதில் சொல்லி ஏறுறாங்க.

ஏன்னு எனக்கு பத்தாவது கேள்வியிலதான் புரிஞ்சுது. லினக்ஸ்ல கீயை அமுக்கிப் பிடிச்சா, அது, 'அமுக்குறாரு, விட்டுட்டாரு, அமுக்குறாரு, விட்டுட்டாரு'னு தானா ஒரு நாடகம் போடும். ஆளு விடவே மாட்டாரு. அது விட்டுட்டாருன்னு சொல்லும். விடுறதைத்தான் கணக்குல எடுப்பேன்னு சொன்னவன் நான். எடுத்துக்கிட்டு அனுபவிக்க வேண்டியதுதான்.

சரி, இதெல்லாம் நடக்கிறப்போ ஷீபா என்ன செய்றா?

ஷீபா அமுக்கிக்கிட்டிருக்கா. பெலமா! பல்லைக் கடிச்சுக்கிட்டு! ஒவ்வொரு கேள்விக்கும் அமுக்கி, பச்சை எரியிற வரைக்கும் விடக்கூடாதுன்னு திரையைப் பாத்துக்கிட்டே இருக்கா. விட்டாத்தான் எரியும். எரிஞ்சாத்தான் விடுவா. ரெண்டு பேருமே பிடிவாதக்காரங்க, ஷீபாவும் என் புரோகிராமும்.

சுற்று முடிஞ்சப்போ அவ கணக்குல புதுசா ஒரு மதிப்பெண்கூட இல்ல. பெருவிரலைக் கொண்டு வந்து என் மூக்குக்கு நேரா காட்டினா. செவந்து வீங்கியிருக்கு.

"எரியவே இல்ல! நீங்க சொன்ன மாரி விடாம பிடிச்சிட்டே இருந்தேன்!"

"ஷீபா... அது வந்து... இப்போ விட்டாத்தான் எரியும்."

"விடாதன்னு நூறு தடவை சொல்லித் தந்தது யாரு?"

"நான்தான்."

"விட்டா எரியிற மாரி மாத்துனது யாரு?"

"அதுவும் நான்தான்."

"மாத்துன பொறவு எங்கிட்ட சொன்னியளா?"

இப்போ ஷீபாவோட அன்பியத்துக்காரங்க எழும்பிட்டாங்க. "கேப்டனுக்க மாப்பிளயே காலை வாரிட்டான்! அக்காளுக்கு பயந்துட்டான்!"னு ஒரு சத்தம். "தங்கச்சிக்குத்தான் முதல்ல செஞ்சான்!"னு அந்தப் பக்கம் ஒரு சத்தம். நடுவுல பனியடிமை அண்ணன் மட்டும், "மெஷின் கொள்ளாம் மக்கா, நீ ஒண்ணும் மாத்தாத"ன்னாரு. ஒரே ஒரு ரசிகரு. அவருக்கும் மொத்தத்துல மைனஸ்தான்.

ஃபாதர் எங்கிட்ட வந்தாரு. தோள்ல கையைப் போட்டாரு.

"ரெக்ஸ், நீ இந்த வேலையில எத்தனை வருசமா இருக்கே?"

"ஏழு வருசம் ஃபாதர்."

"கம்பெனி நல்லாத்தான் போவுதா?"

"போவுது ஃபாதர்."

"நல்லது. ஜெபிச்சுக்கிடுதேன்."

அப்புறம் மைக்கை எடுத்தாரு. "முதல் ரெண்டு சுற்றும் ரத்து. மூணு டீமும் சுழியத்துல இருந்து தொடங்கணும். லேப்டாப்பை எல்லாம் மூடுங்க. சமையல்கட்டுல இருந்து மூணு தட்டும் மூணு கரண்டியும் எடுத்துட்டு வாங்க. முதல் சத்தம் யாருதோ, அவங்க பதில் சொல்லணும். சிஸ்டர் திரும்பி நின்னு காதால மட்டும் கேப்பாங்க. ஒண்ணு எவர்சில்வர், ஒண்ணு அலுமினியம், ஒண்ணு பித்தளை. சத்தம் வேற வேற இருக்கும்ல?"

ஒரு வாரம் நான் கோடு எழுதி உருவாக்கப் பாத்ததை மனுசன் அரை நிமிசத்துல சமையல்கட்டுல கண்டுபிடிச்சிட்டாரு. லேப்டாப் மூடினதும் மேல எடம் கிடைச்சுது, மூணு பைபிளும் அதுக்கு மேல கௌரவமா உக்காந்துச்சு.

மூணாம் சுற்று. எப்படி இருந்துச்சு தெரியுமா? டங்! டணார்! டொங்! கேள்வி முடிஞ்ச மறு நொடியே சத்தம். சிஸ்டர் சுவரைப் பாத்துக்கிட்டே, "எவர்சில்வர்", "பித்தளை"ன்னு சொல்றாங்க. ஒருத்தரும் எதிர்த்துப் பேசல. அவங்கவங்க சத்தம் அவங்கவங்களுக்கே தெரியுமே! பனியடிமை அண்ணன் நாலாவது கேள்வியில அடிச்ச அடியில அலுமினியத் தட்டு குழிஞ்சு கிண்ணமா மாறிருச்சு. அதுக்கப்புறம் சத்தம் வரல. அவரும் நிம்மதியா போட்டியை வேடிக்கை பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

ஒம்பது கேள்வி முடிஞ்சுது. மெல்பாவும் ஷீபாவும் சமம். நாலாவது வருஷமும் கடைசிக் கேள்வி!

ஷீபாவோட வீங்கின விரல் கரண்டியைப் பிடிச்சிருக்கு. அவ தோத்தாகூட பரவாயில்ல, என்னால தோத்தான்னு மட்டும் வந்துரக் கூடாதுன்னு அந்தோணியார்கிட்ட வேண்டப் போயி, அவரு எதிர் டீமுன்னு ஞாபகம் வந்து, லூர்து மாதாகிட்ட வேண்டினேன்.

"மார்த்தா, மரியா என்ற சகோதரிகளின் ஊர் எது?"

டங்!

"எவர்சில்வர்"ன்னாங்க சிஸ்டர்.

ஷீபாவோடது. மெல்பாவோட கரண்டி அப்பத்தான் பாதி வழியில வருது. ஊரே பாத்துச்சு.

"பெத்தானியா!"

சரியான பதில்!

லூர்து மாதா அன்பியம் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, கடல்ல கெடந்த வள்ளத்துக்கே கேட்டிருக்கும். ஆனா அந்த சத்தம் அடங்கறதுக்குள்ள பின்வரிசையில இருந்து ஒரு குரல்.

"என்னதான் சொன்னாலும் மெஷின் அவளுக்க மாப்பிள செஞ்சதுதானே! எங்கயோ என்னமோ உண்டு!"

ஷீபா முகம் சுண்டிருச்சு. அவ்வளவுதான், போச்சுன்னு நெனச்சேன். தட்டுல சாஃப்ட்வேர் எங்கய்யா இருக்குன்னு கேக்க வாயெடுத்தேன். நான் வாயெடுத்தா இன்னும் கெட்டுப்போகும்னு மூடிக்கிட்டேன். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அது.

மெல்பா எழும்பி, விறுவிறுன்னு நடந்து வந்து, ஃபாதர் கையில இருந்த மைக்கை வாங்கினாங்க.

"யாருலே அது சொன்னது? கண்ணு தெரியல்லியா? எனக்க தங்கச்சி நேராத்தான் ஜெயிச்சா. எனக்க கரண்டி பிந்திப் போச்சு, நானே ஒத்துக்கிடுதேன். அவளுக்க மாப்பிள ஒதவுனானாம்! அவன் ஒதவுனதுல ஒரு கேள்விக்குக்கூட அவளுக்க பேரு எரியல்ல. விரலு வீங்குனதுதான் மிச்சம். இப்பிடி ஒரு மாப்பிளய வச்சுக்கிட்டு ஒருத்தி கப்பு ஜெயிச்சிருக்கான்னா, அவளுக்கு ரெண்டு கப்பு குடுக்கணும் ஃபாதர்!"

மண்டபம் அதிர்ந்துச்சு. எனக்கு கோவம் வரல, சத்தியமா வரல. மூணு மாசம் ஷீபா எந்த வார்த்தைக்காகப் படிச்சாளோ, அந்த வார்த்தை வந்துருச்சு. என் மானம் போனது அதுக்கான வண்டிக் கூலின்னு வச்சுக்கிட்டேன்.

அந்தப் பேச்சுக்கு முதல்ல கைதட்டினது யாருன்னு ஊர்ல ஒருத்தருக்கும் சந்தேகம் இல்ல: ஷீபா.